வசிக்காத ஊர்: பாரிஸ் லாச்சப்பல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

காய் வீதி முனையில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. (காய்கறிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அது ஒரு பிரெஞ்சுத் தொழிலதிபரின் பெயர். உச்சரிப்பு மட்டும் நமக்கு வாய்த்துவிட்டது.) போன மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை, அந்தக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தல்களை நின்று எண்ணினேன். பதினொன்று இருந்தன. மூன்று, அறை வாடகைக்கு. இரண்டு, கண்ணீர் அஞ்சலி. ஒன்று, முப்பத்தோராம் நாள் நினைவு. மிச்சம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல், நடன வகுப்பு, கணித ரியூசன், மணவறை அலங்காரம், சாரதிப் பயிற்சி. அறைகள் வடக்குப் புறநகர்களான லா கூர்நெவிலும் பொபினியிலும் வில்லியே லு பெல்லிலும். செத்த வீடு சார்செல்லில். ஒன்றுகூடல் மண்டபம் அதற்கும் அப்பால். பதினொன்றில் ஒன்றில்கூட நான் நின்றுகொண்டிருந்த தெருவின் முகவரி இல்லை. அறைக்காரர்கள் வீதிப் பெயரையே எழுதவில்லை. "ஆர்.இ.ஆர் பி, ஐந்து நிமிட நடை" என்று புறநகர் ரயில் ஸ்டேஷனைத்தான் எழுதியிருந்தார்கள்.

பாரிஸில் தமிழர் எங்கே இருக்கிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் லாச்சப்பல் என்றுதான் பதில் வரும். ஆனால் லாச்சப்பலில் குடியிருக்கும் தமிழர் மிகக் குறைவு. இந்த முரண்தான் இந்த ஆய்வின் கரு. ஒரு சமூகம் வசிக்காத இடம் எப்படி அதன் ஊராகிறது? வசிக்காமலே ஓரிடத்தை வைத்திருப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது?

ஒரு குடியேறிச் சமூகம் பெருநகரத்தில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்வதை நாம் வழமையாக ஒரே விதமாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். புதிதாக வந்தவர்கள் வாடகை குறைந்த தெருவில் நெருங்கிக் குடியிருப்பார்கள், அவர்களுக்காகக் கடை வரும், பிறகு கோயிலும் பள்ளியும் சங்கமும் வரும், கையில் காசு சேர்ந்ததும் வெளியே போவார்கள். பாரிஸின் தெற்கே, 13ஆம் வட்டாரத்துச் சீனர் பகுதி ஏறத்தாழ அப்படித்தான் வளர்ந்தது. 1960களின் கடைசியிலும் 70களிலும் அங்கே எழுந்த ஒலிம்பியாட் அடுக்குமாடிகளுக்கு எதிர்பார்த்த அளவுக்கு நடுத்தரப் பிரெஞ்சுக் குடும்பங்கள் வரவில்லை. 1975க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து தப்பி வந்தவர்கள் அந்த வெறும் வீடுகளை நிரப்பினார்கள். மேலே வீடு, கீழே கடை. லாச்சப்பலில் இந்த வரிசை தலைகீழ். இங்கே கடைதான் வந்தது. வீடு பெரிதாக வரவே இல்லை.

தண்டவாளங்களுக்கு நடுவே

லாச்சப்பல் என்று நாம் சொல்வது 10ஆம் வட்டாரத்துக்கும் 18ஆம் வட்டாரத்துக்கும் எல்லையில் கிடக்கும் சில தெருக்களை. ஃபூபூர் சன் துனி வீதியின் மேல்முனை, காய் வீதி, பெர்தோனே வீதி, லூயி பிளான் வீதியின் ஒரு துண்டு. மேற்கே கார் து நோர் ஸ்டேஷனின் தண்டவாளங்கள், கிழக்கே கார் து லெஸ்ட் ஸ்டேஷனின் தண்டவாளங்கள். வடக்கே தலைக்கு மேலால் மெற்றோ 2ஆம் தடம் இரும்புத் தூண்களில் போகிறது. மூன்று பக்கமும் ரயில் சத்தம், புகைக்கறை, பழைய கட்டிடங்கள். பாரிஸ்காரர்கள் விரும்பி வந்து கடை போடுகிற தெருவாக 1980களில் இது இருக்கவில்லை. வாடகை அதற்கேற்றபடி இருந்தது.

மலிவான தெருக்கள் அந்தக் காலத்துப் பாரிஸில் வேறும் இருந்தன. ஆகவே மலிவு மட்டும் காரணமாக முடியாது. யார், எந்த வழியால், எங்கே போகப் புறப்பட்டு இங்கே வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரான்சுக்கு முதலில் வந்த தமிழர் ஈழத்தவர் அல்லர். 1954இல் புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியாவிடம் கைமாறின. 1962 ஆகஸ்டில் அது சட்டப்படி முடிந்தபோது, அங்கிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்ய அவகாசம் கிடைத்தது. தெரிவுசெய்தவர்களில் படைவேலை பார்த்த 'சொல்தா' குடும்பங்கள் நிறைய. அவர்கள் கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு வந்தார்கள். இராணுவத்திலும் தபாலிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை, புறநகர்த் தொடர்மாடிகளில் வீடு. அவர்களுக்கு ஒரு தெருவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை. 1970களில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் முளைத்த இடம் தெற்கே இருக்கும் பாசாஜ் பிராடி. கூரையிட்ட அந்தப் பழைய சந்து 1828இல் கட்டப்பட்டது. லாச்சப்பலிலிருந்து பதினைந்து நிமிட நடைதான், ஆனால் இரண்டும் ஒரே கதை இல்லை.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்த ஈழத்தவர் வேறு. பெரும்பாலும் இளம் ஆண்கள், தனியே, கையில் எந்த உரிமையும் இல்லாமல். பலருக்குப் பாரிஸ் இலக்கே அல்ல. மாமன் அல்லது அண்ணன் இருந்தது லண்டனில், தெரிந்த மொழி ஆங்கிலம். 1985 மே மாதம் பிரித்தானியா இலங்கையருக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தது. பொதுநலவாய நாடொன்றின் மக்களுக்கு அப்படி விதித்தது அதுவே முதல் தடவை. லண்டனுக்கு வண்டி ஏறும் ஸ்டேஷன் கார் து நோர். அந்தக் கதவு சாத்தப்பட்டதும், கடக்க வந்தவர்கள் கடக்க முடியாமல் ஸ்டேஷனைச் சுற்றித் தேங்கினார்கள். லாச்சப்பலின் முதல் தமிழர் கூட்டத்தை உண்டாக்கியதில் பாரிஸ் நகரசபையை விடப் பிரித்தானிய உள்துறைக்குப் பங்கு அதிகம் என்று நான் துணிந்து சொல்வேன்.

ஏன் நிலைத்தது

தேங்கியவர்கள் கலைந்து போயிருக்கலாம். கலையாமல் இருந்ததற்குக் காரணம் வேலை, காட் (வதிவிட அட்டை), ரயில் என்று மூன்று. இதில் ரயிலைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் பிரான்சில் புகலிடம் கேட்டவர் முடிவுக்காகக் காத்திருக்கும்போதே சட்டப்படி வேலை செய்யலாம். 1991 செப்டெம்பரில்தான் அந்த உரிமை பறிபோனது. முதல் சில ஆண்டுகளில் வந்தவர்கள் தற்காலிகத் தாளைக் காட்டியே உணவகங்களில் கோப்பை கழுவச் சேர்ந்தார்கள். கோப்பையிலிருந்து மரக்கறி வெட்ட, மரக்கறியிலிருந்து அடுப்புக்கு என்று மேலே போனார்கள். வேலை பாரிஸ் முழுக்க, ஷிப்ட் நள்ளிரவு வரை. வேலையிடங்களிலிருந்து வந்து சேர ஒரு நடுவிடம் தேவைப்பட்டது. 1984இல் வந்த சட்டம் பத்து வருட வதிவிட அட்டையை உண்டாக்கியிருந்தது. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு அந்த அட்டை கிடைத்தது. "காட் எடுத்தாச்சோ?" என்பதுதான் அந்தத் தலைமுறையின் சுகம் விசாரிப்பு. பத்து வருட காட் இருந்தால் வங்கிக் கணக்கு, குத்தகை, மனைவியைக் கூப்பிடுவது எல்லாம் நடக்கும்.

மனைவி வந்ததும் வீடு தேட வேண்டும். பாரிஸுக்குள் இரண்டு அறை வீட்டு வாடகை கட்டுப்படியாகாது. வடக்குப் புறநகர் கட்டுப்படியாகும். 93ஆம் மாவட்டத்து லா கூர்நெவ், பொபினி, ஒல்னே. 95ஆம் மாவட்டத்துச் சார்செல், கார்ஜ், வில்லியே லு பெல். இந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை ஒரு ரயில் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். ஆர்.இ.ஆர் பி தடத்திலும் டி தடத்திலும் மணி கோத்ததுபோல வரிசையாக நிற்கும். இரண்டு தடமும் வந்து விழும் இடம் கார் து நோர். அங்கே ஆர்.இ.ஆர் நிலத்தடி நிலையம் திறந்தது 1981 டிசம்பரில், ஆடிக் கலவரத்துக்கு ஒன்றரை வருடம் முன்னால். அந்த நிலையத்திலிருந்து லாச்சப்பல் மெற்றோவுக்கு நிலத்தடியாலேயே நடைபாதை உண்டு.

ஆகவே வெளியே வீடு எடுத்தது லாச்சப்பலை விட்டுப் போனதாக ஆகவில்லை. வில்லியே லு பெல்லிலிருந்து ஏறத்தாழ இருபது நிமிடம், படியேறினால் தமிழ்க்கடை. ஒருவருக்கொருவர் தொலைவில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு புறநகர்களுக்கும் ஒரே தூரத்தில் இருக்கும் ஒரு புள்ளி அது. சார்செல்காரரும் பொபினிக்காரரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் நகரத்துக்குள் வந்துதான் மாறினார்கள். மாறுகிற இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருக்கும் குத் தோர் பகுதியை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர்கள் 1990 அளவிலேயே 'குடியேறிகளின் மையம்' என்றொரு கருத்தைச் சொல்லியிருந்தார்கள். ஓரிடத்தின் பலத்தை அங்கே படுத்து எழும்புகிறவர்களை வைத்து அளக்காமல், வந்துபோகிறவர்களை வைத்து அளக்க வேண்டும் என்பது அதன் சாரம். லாச்சப்பலுக்கு அந்த அளவுகோல் குத் தோரை விடவும் நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு சனிக்கிழமை

அன்று அறிவித்தல் எண்ணி முடித்த பிறகு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவோடு கதைத்துக்கொண்டே ஒன்றரை மணித்தியாலம் நடந்தேன். சில்லுப் பையை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். முதலில் நகைக்கடை, அறுந்த சங்கிலி ஒட்டக் கொடுத்தது வாங்க. பிறகு சட்டை தைக்கிறவரிடம் அளவு. பிறகு அரைத்த மிளகாய்த்தூள், முருங்கைக்காய், வல்லாரை. மாமியாரின் மருந்துக்கு ஓமம். ஊருக்குக் காசு அனுப்பும் கடையில் ஐந்து நிமிடம். கடைசியாகப் பிட்டும் மீன்குழம்பும் பொதி கட்டிக்கொண்டார். நடுவில் நான்கு பேர் மறித்துச் சுகம் கேட்டார்கள். ஒருவர் அவருடைய ஊர் வாசிகசாலைக்குக் கட்டிடக்காசு கேட்டார், இருபது யூரோ கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார்.

"அக்கா, லா கூர்நெவிலயே இப்ப இவ்வளவு கடை இருக்குதே, பிறகேன் இங்க?" என்று கேட்டேன்.

"அங்க சாமான் வாங்கலாம் தம்பி. ஆக்களைக் காணேலாதே."

அவர் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் செய்த காரியங்களைப் பிரித்துப் பார்த்தால், ஊரில் சந்தையும் பொற்கொல்லர் தெருவும் தபாற்கந்தோரும் கோயில் வாசலும் செய்வதை நானூறு மீற்றர் தூரத்துக்குள் முடித்துவிட்டார். நித்திரை ஒன்றுதான் வேறெங்கோ.

இதற்குத் தாங்கு கடை. கடை எப்படி நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்சில் கடைக் குத்தகை ஒன்பது வருடத்துக்கு எழுதப்படும், மூன்று வருடத்துக்கொரு தடவை கடைக்காரர் விலகிக்கொள்ளலாம். தவணை முடிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, சொந்தக்காரர் மறுத்தால் நட்டஈடு கொடுக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு பெரியது. ஆனால் உள்ளே நுழையும்போது முந்திய கடைக்காரருக்கு ஒரு பெருந்தொகை கைமாற வேண்டும், சில இடங்களில் கட்டிடச் சொந்தக்காரருக்கும். கோப்பை கழுவிச் சேர்த்த காசுள்ள ஒருவருக்கு 1980களில் எந்த வங்கியும் அந்தத் தொகையைக் கொடுக்கவில்லை. கொடுத்தது சீட்டு.

இருபது பேர், ஆளுக்கு மாதம் 500 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள் (அப்போது பிராங்க்). மாதம் 10,000 சேரும். அவசரக்காரர் கழிவு கூறி எடுப்பார். 1,500 கழிவு என்றால் 8,500 அவர் கையில், கழித்த தொகை மற்றவர்களுக்குப் பிரியும். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கு முழுத்தொகை. தாளில் எழுத்து இல்லை, அடமானம் இல்லை. ஆளைத் தெரியும், ஆளின் ஊரைத் தெரியும், தகப்பனைத் தெரியும் என்பதுதான் உத்தரவாதம். இரண்டு மூன்று சீட்டைச் சேர்த்து எடுத்தால் ஒரு சிறு கடைக்கு வாசல் திறக்கும். சீட்டுப் பிடித்தவர் காசோடு மறைந்து குடும்பங்கள் நொந்த கதைகளும் இதே தெருவில்தான் நடந்தன. பொலிஸுக்குப் போக முடியாது, ஏனென்றால் கொடுத்ததற்கு ஆதாரமே இல்லை. அந்த இழப்பைப் பற்றி நம்மவர்கள் இன்னும் வாய் திறந்து கதைப்பதில்லை. கதைத்தால் நல்லது.

கதைக்கத் தயங்கும் இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தில் நிதி சேர்ப்பும் இந்தத் தெருவில்தான் நடந்தது. மனமுவந்து கொடுத்தவர்கள் பலர், பயந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் வந்துபோகும் தெரு என்பதால் எல்லோரையும் பிடிக்கவும் அது வசதியாக இருந்தது. ஓரிடத்தில் கூடும் சமூகம் ஓரிடத்தில் கண்காணிக்கவும் படும்.

இரண்டு சோதனை

லாச்சப்பலைத் தாங்குவது ரயில்தான் என்ற என் வாதத்தைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. பிறகு அடுத்தடுத்து இரண்டு தடவை வழி கிடைத்தது.

முதலாவது, 2019 டிசம்பர் 5 அன்று தொடங்கிய ஓய்வூதியச் சீர்திருத்த எதிர்ப்பு வேலைநிறுத்தம். பல கிழமைகள் ஆர்.இ.ஆர் வண்டிகள் அரைகுறையாகத்தான் ஓடின. வருடக் கடைசி, தைப்பொங்கல் இரண்டும் அதற்குள் வந்தன. கடை திறந்திருந்தது, சாமான் இருந்தது, ஆட்களில்லை. இரண்டாவது, 2020 மார்ச் 17 முதல் மே 11 வரை நடந்த கொரோனா முடக்கம். வெளியே போவதானால் காரணம் எழுதிய தாள் கையில் வேண்டும், உலாவப் போனால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள், ஒரு மணித்தியாலத்துக்குள் என்று விதி. உணவுச் சாமான் விற்கும் கடைகள் திறந்திருக்க அனுமதி இருந்தது. அக்கம்பக்கத்தார் வாங்கும் எந்தக் கடைக்கும் அந்த அனுமதி உயிர் கொடுத்தது. லாச்சப்பல் பலசரக்குக் கடைகளுக்கு அது பெரிதாக உதவவில்லை. அவற்றின் வாடிக்கையாளரில் பெரும்பாலானோர் அக்கம்பக்கத்தில் இல்லை.

இந்த இரண்டு சோதனைகளும் எனக்குச் சொன்னதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லியிருக்காது. கணக்கெடுப்பு என்று சொல்லும்போது இதையும் சேர்க்க வேண்டும். பிரான்சில் குடிசனக் கணக்கு பிறந்த நாட்டையும் குடியுரிமையையும் கேட்கும், இனத்தைக் கேட்காது. இனவாரிப் புள்ளிவிவரம் கூடாது என்று அரசியலமைப்பு மன்றம் 2007 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாரிஸில் பிறந்த பிள்ளைகள் அந்தக் கணக்கில் தமிழராக வரமாட்டார்கள். புதுச்சேரிக் குடும்பம் பிரெஞ்சுக் குடும்பமாகவே வரும். இங்கே எத்தனை தமிழர் என்று எவர் எண் சொன்னாலும் அது மதிப்பீடு மட்டுமே. எண்ணப்படாத சமூகத்தைக் கண்ணால் பார்க்கக் கூடிய ஓரிடம் தேவைப்பட்டது. லாச்சப்பல் அந்தத் தேவையையும் சேர்த்துச் சுமந்தது.

தேர் போகும் நாள்

அதை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பர் தொடக்கத்தில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது, இப்போது பஜோல் வீதியில் இருக்கிறது. வெளியே தேர் இழுக்கத் தொடங்கியது 1996இல். அதாவது கோயில் உள்ளே இருந்து தெருவுக்கு வரப் பதினொரு வருடம் எடுத்திருக்கிறது. அந்தப் பதினொரு வருடத்தில்தான் அறைக்கு அறை மாறிய இளைஞர்கள் குடும்பக்காரர்கள் ஆனார்கள்.

தேர்ப்பாதையில் கடைக்காரர்கள் தங்கள் வாசலில் சிறு பந்தலிட்டுக் கும்பம் வைத்திருப்பார்கள். தேங்காய்கள் நடுவீதியில் குவியலாக, மஞ்சள் பூசி, மேலே கற்பூரம். தேர் நெருங்கியதும் இரண்டு மூன்று பேர் இடுப்பில் சால்வையைக் கட்டிக்கொண்டு குனிந்து உடைக்கத் தொடங்குவார்கள். உடைத்தல் என்ற சொல் போதாது, அடுத்தடுத்துத் தாரில் மோதும் சத்தம் அது. சிரட்டைத் துண்டு கணுக்காலில் தெறிக்கும். இளநீர் வீதியின் சரிவில் ஓடிக் கல் விளிம்போடு சேரும். பாரிஸ் வீதிகளில் கழுவுவதற்கென்றே தனிக் குழாய்நீர் விளிம்போரம் ஓடும். தேங்காய்த் தண்ணீரும் மஞ்சளும் பூவிதழும் அந்த ஓடைநீரில் கலந்து போவதை நான் ஒவ்வொரு வருடமும் நின்று பார்ப்பேன். தேர் திருப்பத்தில் மறையும் முன்பே பச்சை உடை போட்ட நகரசபைத் துப்புரவாளர்கள் வந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவர் பாதித் தேங்காயை எடுத்துத் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டதை ஒருமுறை பார்த்தேன். பக்கத்தில் நின்ற கடைக்காரர் முழுசாக இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த நாளில் பஜோல் வீதி மாடிகளிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள் பிரெஞ்சுக்காரர், ஆபிரிக்கர், வட ஆபிரிக்கர். கீழே நிற்பவர்கள் தமிழர். மாலையில் கீழே நிற்பவர்கள் எல்லோரும் ரயிலேறிவிடுவார்கள்.

வாக்கு எங்கே இருக்கிறது

என் கணிப்பில் இந்த நிகழ்வின் மிக முக்கியமான முடிச்சு இதுதான். ஒரு தெருவில் பாரவண்டி எத்தனை மணிக்குள் சாமான் இறக்கலாம், நடைபாதையில் மரக்கறிப் பெட்டி வைக்கலாமா, தேருக்கு வீதி மூட ஆதரவு கொடுப்பதா என்பதில் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர் குரலுக்குத்தான் கனம். பிரான்சில் உள்ளூராட்சித் தேர்தலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரும் ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரும் வாக்களிக்கலாம், அதுவும் வழமையாக வதியும் ஊரில். பத்து வருட காட் வைத்திருப்பவருக்கு வாக்கே இல்லை. குடியுரிமை எடுத்தவருக்கு வாக்கு உண்டு, அது லா கூர்நெவில். நாற்பது வருடமாகத் தமிழர் உயிர் கொடுத்து வைத்திருக்கும் தெருவில் அவர்களுக்கு ஏறத்தாழ வாக்கு இல்லை. வட்டாரக் கூட்டங்களுக்குப் போய்ப் பேசலாம். ஆனால் கூட்டம் நடக்கும் மாலை நேரத்தில் கடைக்காரர் கல்லாவில் நிற்கிறார்.

இது நோகும்போதுதான் தெரியும். 2009 ஏப்ரலில் வன்னியிலிருந்து வந்த செய்திகள் தாங்க முடியாமல் போனபோது, மக்கள் தங்கள் ஊரின் நகரசபை வாசலுக்குப் போகாமல் லாச்சப்பலுக்கு வந்து வீதியை மறித்தார்கள். பொலிஸார் நிறையப் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். துக்கம் சொல்ல வந்த இடம் அது. அடுத்த நாள் அக்கம்பக்கத்தில் பேசப்பட்டதோ உடைந்த கண்ணாடியும் தாமதமான பேருந்தும்தான். அந்தத் தெருவின் குடிமக்களாக நாம் இருந்திருந்தால், கண்ணாடியோடு காரணத்தையும் சேர்த்து யாராவது விசாரித்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு காட்சியையும் என்னால் மறக்க முடியவில்லை. 2015இல் சூடானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் வந்தவர்கள் லாச்சப்பல் மெற்றோப் பாலத்துக்குக் கீழே கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். ஜூன் 2 அன்று அதிகாரிகள் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்களிலும் பலர் லண்டனுக்குப் போகப் புறப்பட்டு இங்கே தேங்கியவர்கள். முப்பது வருடம் முன்னால் தானும் இந்த ஸ்டேஷன் பக்கத்தில் இரவைக் கழித்ததை ஒரு உணவக முதலாளி சொன்னார். சொல்லிவிட்டு, மிஞ்சிய சோற்றை இரவில் யார் கொண்டுபோகிறார்கள் என்று மகனிடம் கேட்டார்.

தடம் மாறினால்

இப்போது தெருவின் முகம் மாறுகிறது. பஜோல் வீதியில் பழைய ரயில் கிட்டங்கி 2013இல் நூலகமும் இளைஞர் விடுதியுமாக, கூரை நிறையச் சூரியத் தகடுகளோடு திறந்தது. வீட்டு விலை ஏறிய 10ஆம் வட்டாரத்தில் காப்பிக் கடைகள் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். பாரிஸின் சிறந்த பகெத்துக்கான 2023ஆம் ஆண்டுப் பரிசை வென்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா, அவருடைய வெதுப்பகம் இருப்பது 20ஆம் வட்டாரத்தில். தமிழ் படிப்பிக்கும் தமிழ்ச்சோலைப் பள்ளிகள் தொடக்கத்திலிருந்தே பிள்ளைகள் வாழும் புறநகர்களில்தான் பரவியிருக்கின்றன. லா கூர்நெவில் தமிழ்க்கடை வரிசை நீள்கிறது.

கடை வாடகையையும் காப்பிக் கடையையும் விட எனக்கு ரயில்தான் கவலை. 2015 செப்டெம்பரில் மாதாந்தப் பயண அட்டை எல்லா வலயத்துக்கும் 70 யூரோ என்று ஒரே விலையானது. அது லாச்சப்பலுக்கு நல்ல காலம். வெளிப் புறநகர்க்காரருக்குச் சனிக்கிழமைப் பயணம் கூடுதல் செலவில்லாமல் போனது. ஆனால் கட்டப்பட்டுவரும் புதிய வளையத் தடங்கள் வேறு திசையில் இழுக்கும். சன் துனி பிளெயெல் நிலையம் 2024 ஜூனில் திறந்துவிட்டது. அங்கிருந்து 16ஆம், 17ஆம் தடங்கள் லா கூர்நெவ், லு புர்ஜே வழியாக, பாரிஸுக்குள் நுழையாமலே புறநகரைப் புறநகரோடு இணைக்கப் போகின்றன. மாறுகிற இடத்தில் சந்தித்துக்கொண்ட மக்களுக்கு மாறுகிற இடமே மாறினால், சந்திப்பும் நகரும்.

சொந்தக் கருத்தாகச் சொன்னால், கடைகளைக் காப்பாற்று என்று கேட்பதோடு நிற்காமல், சங்கங்கள் லாச்சப்பலில் பெயர் போட்ட ஓரிடம் கேட்க வேண்டும். ஒரு வாசகசாலை, ஓர் ஆவணக்கூடம், பொதுக் கட்டிடத்தில் ஓர் அறையாவது. ஒன்பது வருடக் குத்தகையில் தொங்கும் நினைவு, குத்தகையோடு போய்விடும். அந்தக் கண்ணாடியில் நாற்பது வருடமாக ஒட்டிக் கிழித்த அஞ்சலித் தாள்களில் ஒரு கட்டையாவது யாரேனும் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று நான் கேட்டுத் திரிகிறேன். இதுவரை கையில் கிடைத்தது ஒரு காலணிப் பெட்டி நிறைய.

அதைக் கொடுத்தவர் காய் வீதிக் கடைக்காரர்தான். குத்தகை இந்த வருடம் முடிகிறது. அவருக்கு அறுபத்திரண்டு வயது, மகன் கணக்காளர். புதுப்பிக்கிறீங்களோ அண்ணை என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டிட்டன் தம்பி. ஒன்பது வருசம்," என்றார். கத்தரிக்காய்ப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பி, "மூண்டாம் வருசம் விடலாமெண்டும் எழுதியிருக்கு," என்றார்.